நாலு குரல், வாத்தியம் இல்லை: நத்தார்ப் பாட்டில் சுருதி ஏன் இறங்குது?

நவம்பர் 6, இரவு 9.40 | முழங்காவில் ரெனர்

ஒளிவிழாவுக்கு (நத்தார்ப் பாட்டு விழா) நாலு பேர். சொப்பிரானோ, அல்ரோ (பெண் மேல்குரல், கீழ்க்குரல்), ரெனர், பேஸ் (ஆண் மேல்குரல், கீழ்க்குரல்), ஒரு பகுதிக்கு ஒருத்தர்தான். வாத்தியம் கிடையாது. பாட்டு ‘சைலன்ட் நைட்’, தமிழில் மூன்று சரணம். ஆறரைக் கட்டையில் (கட்டை எண்டால் ச நிக்கிற உயரம்; C ஒரு கட்டை, A ஆறு) தொடங்கினால் மூன்றாம் சரணம் முடியேக்கை ஆறுக்கு வந்து நிக்குது. என்ரை கட்சி இதுதான்: கீபோட் இல்லாட்டிக் குரல் இறங்கத்தான் செய்யும். அதாலை சனத்துக்குக் கேக்காத அளவிலை பின்னாலை ஒரு சுருதிப்பெட்டி ஓடவேணும். மறுக்கிற ஆக்கள் காரணத்தோடை மறுங்கோ, “காது சரியில்லை” எண்டு மட்டும் எழுதாதேங்கோ.

நவம்பர் 6, இரவு 10.15 | கட்டைக்குரல்

சனத்துக்குக் கேக்காதெண்டால் உங்களுக்கும் கேக்காது, தம்பி. பிறகு என்னத்துக்கு?

அதை விடுங்கோ. பெட்டியில் எந்தச் சுரத்தைத் திறந்து வைப்பீங்கள்? பாட்டு 12 பார் (தாளத் துண்டு). கோட் (chord) எண்டால் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கிறது; ச-விலை தொடங்கிற ச-க-ப ஒன்றாம் கோட், மற்றதும் அப்பிடியே தொடங்கிற சுரத்தின்ரை எண்ணாலை. 1, 2 ஒன்றாம் கோட், 3 ஐந்தாம் கோட், 4 ஒன்று, 5 நாலாம் கோட், 6 ஒன்று, 7 நாலு, 8 ஒன்று, 9 ஐந்து, 10 ஒன்று, 11 பாதி ஒன்று, பாதி ஐந்து, 12 ஒன்று. ச திறந்தால் ஒன்றிலும் நாலிலும் பொருந்தும். ஐந்தாம் கோட் ப-நி-ரி. அங்கை நி-யும் ச-வும் அரைச் சுர இடைவெளியில் உரசும். ப திறந்தால் ஒன்றுக்கும் ஐந்துக்கும் சரி. நாலாம் கோட் ம-த-ச, அதிலை ம-வுக்கும் த-வுக்கும் நடுவிலை ப போய் நிண்டு இடிக்கும். இரண்டையும் திறந்தால் 3, 5, 7, 9, 11 எல்லாத்திலும் ஏதோ ஒண்டு உரசிக்கொண்டே இருக்கும்.

கர்நாடக இசையில் இது குறையாத் தெரியாது. அங்கை ஒரே குரல் நகருது, உரசல் வந்து தீர்றதுதான் அழகு. நாலு குரல் ஒரு கோட்டைப் பூட்டி நிறுத்தேக்கை பெட்டி குறுக்கை வந்தால் பூட்டு விழாது.

நவம்பர் 7, காலை 6.05 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

முதல் காரணம் கீபோட் இல்லாதது அல்ல, கீபோட்டில் பழகியது.

கீபோட்டில் ச-விலிருந்து க 400 சென்ற் (ஓர் அரைச் சுரம் 100 சென்ற்). இரண்டு குரல்கள் தாமாக ஒட்டி நிற்கும் சுத்தமான க 386 சென்ற்தான். 14 சென்ற் வித்தியாசம். ப-வில் பிரச்சினை இல்லை: கீபோட்டில் 700, சுத்தமானது 702. ஆகவே கீபோட்டோடு ஒரு மாதம் பழகிய அல்ரோ, க-வை எப்போதும் கொஞ்சம் உயர்த்தியே பிடிப்பார். கீபோட்டை எடுத்த அன்று அந்த க ஒட்டாமல் துடிக்கும். மற்ற மூவரும் அதோடு ஒட்டப் பார்த்து அங்கும் இங்கும் அசைவார்கள். அசைவு எப்போதும் கீழ்ப் பக்கமாகவே முடியும், ஏனென்றால் மேலே போக மூச்சு வேண்டும்.

இரண்டாவது காரணம் கொமா என்ற மிகச் சின்னச் சுருதி இடைவெளி. ஒன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஒன்று என்று கோட்கள் போகும்போது, பொதுவான சுரத்தை அசைக்காமல் பிடித்து ஒவ்வொரு கோட்டையும் சுத்தமாக்கினால், ஒரு சுற்று முடிய ச 21.5 சென்ற் கீழே வந்துவிடும். நாலு பேரும் ஒரு பிழையும் விடாமலே. ஐந்து சுற்றுப் போனால் அரைச் சுரம் போய்விட்டது. உங்கள் பாட்டு இறங்குவது இதனால்தான்.

நவம்பர் 7, காலை 6.50 | முழங்காவில் ரெனர்

பிழையே விடாமல் இறங்கினமோ! இதை எங்கடை பாதருக்கு அனுப்பிவிடுறன்.

நவம்பர் 7, மாலை 4.30 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கட்டைக்குரல் எழுதிய 12 பாரையும் திரும்பப் பாருங்கள். அதில் ஆறாம் கோட்டும் இல்லை, இரண்டாம் கோட்டும் இல்லை. ஒன்று, நாலு, ஐந்து மட்டும். நாலிலிருந்து நேரே ஐந்துக்குப் போகும் இடமும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றுக்குத் திரும்பித்தான் போகிறது. ஒன்றுக்கும் நாலுக்கும் ச பொது, ஒன்றுக்கும் ஐந்துக்கும் ப பொது. ஆகவே இந்த அமைப்பில் பாடினால் கொமா விழ வழியே இல்லை.

இதனால் ஒரு நல்ல உபயோகம் உண்டு. ஒரு நாற்குரல் குழு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாட்டு இல்லை. இது இறங்கினால் கோட்களில் பழி போட முடியாது. மூச்சு, உயிரெழுத்து, க-வின் அகலம் (ச-விலிருந்து அது நிற்கும் தூரம்), இந்த மூன்றில் ஒன்றுதான்.

கொமா உண்மையாகவே கடிக்கும் பாட்டு வேண்டுமென்றால் 1609இல் பிரெற்றோரியஸ் நாலு குரலுக்கு அமைத்த ஜேர்மன் ரோசாப் பாட்டை எடுங்கள். மைனர் கோட்கள் அடுத்தடுத்து வரும். அதில் இரண்டாம் கோட்டிலிருந்து ஐந்துக்குப் போகும்போது ரி-யைப் பிடித்திருப்பவர் அதை அப்படியே வைத்திருக்கக் கூடாது, ஒரு மயிரிழை தூக்கவேண்டும். முழுக் கொமாவையும் அந்த ஒருவர்தான் விழுங்குகிறார்.

நவம்பர் 8, இரவு 8.20 | கட்டைக்குரல்

ரீச்சர் சொன்ன மூன்றில் மூச்சைப் பற்றி. பெரிய பாடகர் குழாத்தில் ஒருத்தர் மூச்செடுக்க மற்றவர் இழுப்பார். நாலு பேரில் அது நடக்காது. அல்ரோ மூச்செடுத்தால் அல்ரோவே இல்லை, கோட்டிலை ஓட்டை. ஆகவே நாலு பேருக்கும் ஒரே இடத்தில் மூச்சு. இந்தப் பாட்டுக்கு இரண்டு பாருக்கு ஒருக்கா. ஒரு பார் மூன்று செக்கன் எண்டால் ஒரு மூச்சு ஆறு செக்கன், எல்லாராலும் முடியும். பக்தி எண்டு நினைச்சு ஒரு பாரை நாலரை செக்கனுக்கு இழுத்தால் மூச்சு ஒன்பது செக்கன். கடைசி இரண்டு செக்கன் காத்தில்லாத ரியூப் மாதிரி. அங்கைதான் இறங்குது.

இன்னொண்டு. 9ஆம் பாரிலை சொப்பிரானோ மேல் ம-வுக்குப் போறா. பாட்டின் வீச்சே கீழ் ச-விலிருந்து மேல் ம வரை, ஒரு ஸ்தாயியும் நாலு சுரமும். ஆறரைக் கட்டையில் அது பெண் குரலுக்குத் தாங்கும். அந்த ம-வுக்கு முதல் 8ஆம் பார் கடைசியில் முழு மூச்சு எடுக்கவேணும். 8இல் கடைசிச் சுரத்தைக் கடைசிவரை இழுத்துப்போட்டு அரை மூச்சோடை 9க்குள்ளை நுழைஞ்சால் ம எட்டாது; 10இல் மேல் க-வும் விழும். 8இன் கடைசித் தட்டை வெட்டிவிடுங்கோ.

நவம்பர் 8, இரவு 8.32 | கட்டைக்குரல்

அந்த மேல் க-வைப் பற்றி: அது கோட்டின் க, அதுவும் உச்சத்தில். “14 சென்ற் குறை” எண்டு சொப்பிரானோவுக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் 40 குறைப்பா. பேஸ் ச-வைத் திடமாப் பிடிச்சால் அவ தானா வந்து ஒட்டுவா. திருத்தம் கீழேயிருந்துதான் வரவேணும்.

நவம்பர் 9, பகல் 1.10 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

இப்போது உயிரெழுத்து. தமிழில் பாடும் குழுக்களுக்கு இதுதான் பெரிய விசயம், ஆனால் ஒருவரும் கதைப்பதில்லை. சுரம் சரி, கோட் மட்டும் பூட்டவில்லை என்றால் நாலு வாயும் நாலு எழுத்தைப் பாடுகின்றன என்று அர்த்தம்.

சொல்லின் கடைசி உ. “வந்து”, “வாழ்த்து” என்று கதைக்கும்போது உதடு குவியாது, குற்றியலுகரம். அதே சொல் மூன்று தட்டு நீளச் சுரத்தில் வந்தால் ஒருவர் உதட்டைக் குவித்து முழு உ பாடுவார், ஒருவர் குவிக்காமல் அ-வுக்கும் இ-க்கும் நடுவில் ஏதோ பாடுவார். முடிந்தால் அடியையே மாற்றி நீளச் சுரத்தில் ஆ அல்லது ஏ விழச் செய்யுங்கள். முடியாவிட்டால் நாலு பேரும் முழு உ என்று தீர்மானித்துப் பாட்டுத் தாளில் எழுதிவிடுங்கள்.

கடைசி ஐ. “மகிமை” என்பதைப் பாதிப் பேர் “மகிமெய்” என்றும் பாதிப் பேர் “மகிமெ” என்றும் முடிப்பார்கள். சொல்லின் கடையில் ஐ குறுகும் என்பது இலக்கணமே. ஆகவே எ-வில் நின்று, இறுதியில் ய் தொட்டும் தொடாமலும்.

மெய்யில் முடியும் சொல். “பாலன்” என்றால் ல-வின் அகரத்தில் நில்லுங்கள். ன்-இல் நிற்காதீர்கள். வாய் அடைந்தால் சத்தமும் சாயும், சுருதியும் சாயும். ன் விழும் தட்டை ஒருவர் தலையசைத்துக் காட்டவேண்டும்.

போற்றி. ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகியவர்கள் ட்-ர சேர்த்து “போட்ரி” என்பார்கள். நம்முடைய பேச்சில் ற்ற நாக்கு நுனி முரசில் ஒட்டி விடுபடும் ஒரே ஒலி, ர கேட்காது. எது சரி என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரில் இரண்டு பேர் ர போட்டால் அந்த இடத்தில் சருகு மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். எங்கள் ஊர்ச் சனத்துக்குப் பாடும்போது எங்கள் ஒலியையே வைக்கலாம் என்பது என் கட்சி.

நவம்பர் 9, பகல் 1.25 | சவுண்ட்காரன்

குறிலை நீட்டுறதையும் எழுதுங்கோ ரீச்சர். “மரி” எண்ட சொல்லிலை ம-வை இரண்டு தட்டு இழுத்தால் “மாரி”. டிசம்பர் மாசம் வன்னியிலை நிண்டு மாரியைக் கூப்பிட்டால் வராமல் விடுமே?

நவம்பர் 9, பகல் 2.00 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

சிரித்தாலும் விசயம் அதுதான். மெட்டு ஜேர்மன் சொல்லுக்குப் பிறந்தது. பாரின் முதல் சுரம் நீளம், அடுத்தது குறுக்கம். தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்துக் குறிலாக இருந்தால் அங்கே பொருள் மாறும்: குடில் கூடில் ஆகும், பலன் பாலன் ஆகும். மரியை வைக்கவேண்டுமென்றால் “மரியே” என்று விளியாக்கி, ம-வையும் ரி-யையும் குறுஞ்சுரங்களில் விட்டு, யே-யை நீட்டுங்கள். நெடிலில் தொடங்கும் சொற்கள் (பாலன், வானம், தூதர், ஆயர்) பார் தொடக்கத்தில் தாமாகப் போய் உட்காரும்.

நவம்பர் 10, இரவு 7.45 | முழங்காவில் ரெனர்

சரி, சுருதிப்பெட்டிக் கட்சியிலை இருந்து பாதி இறங்கிட்டன். (சுருதியே இறங்கேக்கை நான் இறங்கினால் என்ன.) ஆனால் ஒரு கேள்வி. இந்தப் பாட்டே கோவில் ஓகன் (ஆர்கன்) பழுதானதாலை வாத்தியம் இல்லாமல் பிறந்தது எண்டு சொல்லுறாங்களே. எலி கடிச்சதாம். அப்ப அந்தக் காலத்து ஆக்கள் எப்பிடிச் சமாளிச்சவை?

நவம்பர் 10, இரவு 8.30 | கட்டைக்குரல்

எலிக் கதை பிறகு கட்டினது. நடந்தது இவ்வளவுதான்: வரிகளை யோசப் மோர் பாதர் 1816இல் எழுதினார். 1818 டிசம்பர் 24 அன்று ஒஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஊர்க் கோவிலுக்காகப் பிரான்ஸ் சேவியர் குரூபர் மெட்டுப் போட்டார். அண்டிரவே பாடினார்கள். மோர் ரெனர், குரூபர் பேஸ், கூட ஒரு கிற்றார். சரணங்களின் கடைசி அடிகளைக் குழாம் திருப்பிப் பாடியது. ஆகவே வாத்தியம் இருந்தது. இரண்டே குரலும் கிற்றாரும். மோரின் கையெழுத்துப் பிரதியில் சுருதி இரண்டு கட்டை.

நாலு குரல் அமைப்பு பிறகு வந்தது. எங்கடை அமைப்பு “மூலத்துக்கு விரோதம்” எண்டு யாரும் வந்தால் இதைக் காட்டுங்கோ. மூலத்தைத்தான் எல்லாரும் எப்பவோ விட்டாச்சு.

நவம்பர் 12, இரவு 9.05 | சவுண்ட்காரன்

மண்டபத்து இரைச்சலைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப்லைற் சோக்கும் ட்ரான்ஸ்போமரும் ஐஸ்பெட்டியும் ‘ம்ம்’ எண்டு போடுற சத்தம் அதின்ரை இரட்டிப்பு, 100 ஹேர்ட்ஸ். இது கிட்டத்தட்ட ஐந்து கட்டை. அதாலை ஐந்து கட்டையிலை பாடினால் மண்டபமே உங்களுக்குச் சுருதிப்பெட்டி. காசும் மிச்சம்.

நவம்பர் 12, இரவு 9.50 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

கிட்டத்தட்ட என்பதில்தான் கோளாறு. கீழ் ஐந்து கட்டை 98 ஹேர்ட்ஸ். 100 என்பது அதைவிட 35 சென்ற் கூட. ஃபோர்க்கில் (440 ஹேர்ட்ஸ் தரும் சுருதிக் கவை) சுருதி எடுத்து ஐந்தில் தொடங்கினால் இரைச்சல் முழு நேரமும் மேலே இழுக்கும், நீங்கள் கீழே இழுபடுவீர்கள், நடுவில் கோட் கிழியும். மிக மோசமான தெரிவு.

நவம்பர் 13, காலை 5.40 | சவுண்ட்காரன்

ஒத்துக்கொள்ளுறன். ஆனால் குரலுக்கு 440 எண்டு சட்டமில்லைத்தானே? கீபோட் இருந்தால்தான் அது. வாத்தியம் இல்லாததின்ரை லாபமே இதுதான். இரைச்சலைக் கேட்டு அதையே ப-வா வைச்சுக்கொண்டு ச-வைப் பிடிச்சால்? 100க்கு மேலை நாலாம் சுரம், 133 ஹேர்ட்ஸ். ஒரு கட்டையும் கொஞ்சமும்.

நவம்பர் 13, காலை 6.10 | கட்டைக்குரல்

இது நல்ல யோசனை. ஒரு கட்டையில் சொப்பிரானோவின் மேல் ம ஆறரையை விட ஒரு சுரம் கூடப் போகும், அதை மட்டும் முதலே பரீட்சித்துப் பாருங்கோ. பேஸுக்கு லாபம்: ஆழமான குரல் இல்லாத ஆளும் கீழ் ப-வைத் தொடுவார்.

ஒரு எச்சரிக்கை. இது லைன் கரண்டுக்கு மட்டும். ஜெனரேற்றர் எண்டால் பாரம் ஏற ஏறச் சுழற்சி குறையும், இரைச்சலும் இறங்கும். அந்தப் பக்கம் தண்ணி மோட்டரைப் போட்டான் எண்டால் உங்கடை ப-வும் கூடவே இறங்கும். ஜெனரேற்றரை மண்டபத்துக்குப் பின்னாலை, சுவருக்கு அங்காலை வைக்கச் சொல்லுங்கோ. லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியிலை ஏறி வீடு வீடாப் போற குழுக்கள் பாடேக்கை எஞ்சினை நிப்பாட்டவேணும். இதிலை பேரம் வேண்டாம்.

நவம்பர் 14, இரவு 8.00 | முழங்காவில் ரெனர்

சுருதி எடுக்கிற முறையை யாராவது படிப்படியா எழுதுங்கோ. நாங்கள் போனிலை ஒரு சுரத்தைத் தட்டிப்போட்டு நாலு பேரும் தேடுறம். அதுவே அரை நிமிசம்.

நவம்பர் 14, இரவு 9.15 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

ஃபோர்க் தருவது 440, அதாவது ஆறு கட்டை. முழங்காலில் தட்டிக் காதுக்குப் பின் எலும்பில் அதன் காலை ஊன்றினால் உங்களுக்கு மட்டும் கேட்கும், சனத்துக்குக் கேட்காது. அதை நி-யாக நினைத்து மனதுக்குள் நி-ச என்று ஏறுங்கள். ஆறரைக் கட்டை கையில்.

ச-வை ஒருவர்தான் கொடுக்கவேண்டும், வாய் மூடிய ம்-இல், மெல்ல. பேஸ் கீழ் ச, ரெனர் மேல் ச, சொப்பிரானோ ப, அல்ரோ க. இந்த ஒழுங்கில் ஒவ்வொருவராக ஏறி ஒட்டவேண்டும். முதலில் ச-க்கள் இரண்டும் ஒன்றாகவேண்டும். பிறகு சொப்பிரானோ ப. கடைசியில்தான் அல்ரோவின் க. க-வை முதலே வைத்தால் அது எந்த அகலத்தில் நிற்கிறது என்று பார்க்க அளவுகோல் இருக்காது. நாலும் ஒட்டியதும் ஒரு மூச்சு, தொடக்கம். எல்லாம் ஆறு, ஏழு செக்கன்.

போன் வேண்டாம். அதன் ஸ்பீக்கரில் கீழ்ச் சுரங்கள் கேட்பதே இல்லை. பேஸ் ஒரு ஸ்தாயி மாறி நிற்பார்.

நவம்பர் 15, மாலை 5.20 | மல்லாவியான்

இடையிலை புகுறன். எங்கடை இளையோரிலை பெட்டையள் இல்லை, நாலு பெடியங்கள். அதே நாலு குரல் தாளை எடுத்து, சொப்பிரானோவை ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடுறம். மெட்டே கேக்குதில்லை.

நவம்பர் 15, இரவு 7.30 | கட்டைக்குரல்

கேக்காது. மெட்டு இறங்கி ரெனருக்குக் கீழை போயிட்டுது. காது மேலே இருக்கிற குரலைத்தான் மெட்டெண்டு எடுக்கும். அல்ரோவையும் இறக்கியிருந்தால் பேஸோடை சேர்ந்து சேறு. கீழ் ஸ்தாயியில் க-வும் ச-வும் பக்கத்துப் பக்கத்தில் நிண்டால் இரைச்சல்தான் மிச்சம்.

இப்பிடிச் செய்யுங்கோ, தம்பி. மெட்டு இரண்டாவது ரெனருக்கு. அவர்தான் நடுநாயகம், பலமான குரல். தொடக்கக் கோட்டை ஆறரைக் கட்டையில் இப்பிடி அடுக்குங்கோ: பேஸ் கீழ் ச, மெட்டு அதுக்கு மேல் ப, பாரிற்றோன் (நடுத்தர ஆண் குரல்) மெட்டுக்கும் மேலே அடுத்த ச, முதல் ரெனர் உச்சத்தில் க, மிக மெல்லிய குரலில். கீழிருந்து ச, ப, ச, க. அதிர்வெண் 2, 3, 4, 5 எண்ட விகிதம். ஒரு தந்தியை மீட்டினால் இயற்கையாக வாற மேற்சுரங்களின் ஒழுங்கு இது. நாலு பேரும் சரியாப் பூட்டினால், ஒருத்தரும் பாடாத ஐந்தாவது குரல் ஒண்டு மேலே விசிலடிக்கிற மாதிரிக் கேக்கும். அது கேட்டால் வேலை சரி.

கோட்டிலை க பாடுறவர், எந்தப் பகுதியெண்டாலும், சத்தத்தைக் குறைக்கவேணும். பேஸ் ஒரு பங்கு கூட. ப-வை விட்டுவிட்டாலும் கோட் நிற்கும். க-வை விட்டால் அது கோட்டே இல்லை. க-வை இரண்டு பேர் பாடினால் நாறும்.

நவம்பர் 15, இரவு 7.41 | மல்லாவியான்

பாரிற்றோன் மெட்டுக்கு மேலையா? தாளைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரி இருக்கு. பாடிப் பாக்கிறம்.

நவம்பர் 18, காலை 11.00 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

தமிழ்க் கீர்த்தனைகளை நாலு குரலில் அமைக்கலாமா என்று தனிமடலில் கேட்டார்கள். ராகத்தைப் பொறுத்தது. சங்கராபரணம் என்றால் மேல்நாட்டு மேஜரின் அதே ஏழு சுரம், எல்லாக் கோட்டும் கிடைக்கும்.

மோகனம் அழகாக ஏமாற்றும். ச ரி க ப த மட்டும். முழுக் கோட் இரண்டுதான் கிடைக்கிறது: ச-க-ப, த-ச-க. நாலாம் கோட்டுக்கு ம இல்லை, ஐந்தாம் கோட்டுக்கு நி இல்லை. ம-வையும் நி-யையும் நுழைத்தால் கோட் நிறையும், மோகனம் போய்விடும். அதைவிட ப-ரி, ரி-த என்று க இல்லாத வெறும் ஐந்தாம் இடைவெளிகளை நடுவில் வைத்து, பேஸ் ச-விலும் ப-விலும் மாறி மாறி நிற்கட்டும். வெறுமையாக ஒலிக்கும், ஆனால் அந்த வெறுமை நத்தார் இரவுக்குப் பொருந்துகிறது.

கமகத்தை (சுரத்தை அசைத்துப் பாடுவதை) பொறுத்தவரை ஒரு விதி போதும்: ஒருவர் அசைக்கும்போது மற்ற மூவரும் அசையக்கூடாது. அசைவு க-வில் என்றால் வேறு எவரும் அந்த க-வைப் பாடவும் கூடாது. கமகம் நிறைந்த அடியில் மூன்று பேரும் ஆ என்ற நீண்ட ஒலிக்கு இறங்கிவிடுங்கள், சொல்லை மெட்டுக்காரர் மட்டும் சொல்லட்டும்.

தாளம் ஓடும், மிருதங்கம் இல்லைத்தானே. பேஸ் “தும்” என்று தட்டுப் போடலாம். சிலருக்கு அது கேலியாகப் படும். எனக்கும் பாதிக்குப் பாதி.

நவம்பர் 21, இரவு 9.30 | சவுண்ட்காரன்

கூரை பற்றி. கிடுகுக் கொட்டிலிலை சத்தம் திரும்பி வராது. மூச்சுக் குறைஞ்ச மாதிரித் தெரியும், அதாலை வேகத்தைக் கூட்டுங்கோ. சீமெந்து மண்டபத்திலை சத்தம் தங்கும், ஒரு அடியின்ரை வால் அடுத்த அடியிலை விழும். அடிகளுக்கு நடுவிலை ஒரு தட்டு விட்டுப் பாடவேணும். தகரக் கூரையிலை மழை வந்தால் ரகசியக் குரல் எல்லாம் வீண், முதலிலை சாகிறது மெய்யெழுத்து. மூன்றாம் சரணத்தை ம்-இல் பாடுறதெண்டு திட்டம் போட்டிருந்தால் அதைக் கைவிட்டு நாலு பேரும் ஒரே மெட்டைப் பாடுங்கோ.

மைக். சின்னக் கோவிலெண்டால் வேண்டாம். வேணுமெண்டால் ஆளுக்கு ஒண்டு வேண்டாம். நாலு சத்தத்தை நானே கலக்கினால் அது என்ரை பாட்டு, உங்கடை பாட்டில்லை. இரண்டு மைக் போதும். பெண் குரல் இரண்டுக்கு ஒண்டு, ஆண் குரல் இரண்டுக்கு ஒண்டு, வாயிலிருந்து ஒரு சாண். பேஸ் மைக்கை உதட்டிலை ஒட்டினால் அடிச்சத்தம் ஊதிப்போகும். எக்கோவை முழுக்கக் குறைக்கச் சொல்லுங்கோ. சொல்லாட்டிக் கட்டாயம் போடுவாங்கள், நானும் போட்டிருப்பன்.

நவம்பர் 22, காலை 7.00 | கட்டைக்குரல்

நிக்கிற விதம்: அரைவட்டம், ஒரு கை இடைவெளி. சொப்பிரானோவும் பேஸும் பக்கத்தில். இந்த இரண்டும் ஒட்டினால் மற்ற இரண்டுக்கும் இடம் தானாத் தெரியும். பழகிற ஒழுங்கும் அதுதான்: முதல் நாள் சொப்பிரானோவும் பேஸும் மட்டும் “லூ” எண்டு, சொல் இல்லாமல். பிறகு ரெனர். அல்ரோ கடைசி. சொல் மூன்றாம் நாள். கீபோட்டிலை பகுதி படிக்கலாம். சேர்ந்து பாடேக்கை மூடி வைக்கவேணும்.

இன்னொரு குறுக்கு வழி. எல்லாம் செய்தும் இறங்கினால் சுருதியை அரைக் கட்டை மாத்திப் பாருங்கோ, இறக்கி இல்லை, ஏத்தி. ஆறரையில் சாயிற குழு ஏழில் நிமிர்ந்து நிக்கலாம். குரலில் மாறுற இடம் (நெஞ்சிலிருந்து தலைக்குப் போற இடம்) முக்கியமான சுரத்தில் விழுந்தால் அங்கை ஒவ்வொரு தரமும் சறுக்கும். அரைக் கட்டை மாறினால் அந்த இடம் வேறு சுரத்துக்குப் போயிடும்.

நவம்பர் 22, காலை 7.20 | ஒட்டுசுட்டான் ரீச்சர்

இடம் எது என்பதையும் பார்க்கவேண்டும். திருவருகைக் காலத் திருப்பலியில் வாத்தியங்களை அடக்கமாகப் பாவிக்கவேண்டும் என்பது ஒழுங்கு. நாலு குரலுக்குப் பொருத்தமான காலம், ஆனால் அப்போது நத்தார்ப் பாட்டுப் பாடமுடியாது. ஒளிவிழா திருவழிபாடு இல்லை, அங்கே பாடலாம். நள்ளிரவுத் திருப்பலியில் உன்னதங்களிலே கீதத்தை நாலு பேர் பறிக்கவேண்டாம், அது சனத்தின் பாட்டு. நற்கருணைக்குப் பிறகு ஒரு பாட்டு, அது போதும்.

நவம்பர் 22, பகல் 12.15 | சவுண்ட்காரன்

வீடு வீடாப் போற ஆக்களுக்கு: பயத்தம் பணியாரத்தைப் பாடி முடிச்சு எழும்பேக்கை வாங்கிச் சரைக்குள்ளை போடுங்கோ. உள்ளுக்கை இருக்கிற மா தொண்டையிலை ஒட்டினால் அடுத்த மூன்று வீட்டுக்கும் ரெனர் இல்லை. கேக்கும் அப்பிடித்தான். வெறுந்தேத்தண்ணி நல்லம், ஐஸ் போட்ட சோடா கூடாது.

நவம்பர் 24, இரவு 9.10 | முழங்காவில் ரெனர்

மூன்று சரணமும் போனிலை பதிஞ்சு, கடைசிச் சுரத்தை ஃபோர்க்கோடை ஒத்துப் பாத்தம். இப்ப இறக்கம் அரைச் சுரத்திலை கால்வாசிதான். “வாழ்த்து” வாற இடத்திலை மட்டும் ஒவ்வொரு சரணத்திலும் ஒரே மாதிரிச் சறுக்குது. சுருதிப்பெட்டியை முழுக்க விடவோ, பழகேக்கை வைச்சிருக்கவோ?

நவம்பர் 24, இரவு 9.45 | கட்டைக்குரல்

பழகேக்கை வைச்சிருங்கோ, ப-வை அடைச்சு ச-வை மட்டும் திறந்து. பாட்டோடை ஓட விடாதேங்கோ. ஒவ்வொரு சரணமும் முடிஞ்சு எல்லாரும் கடைசி ச-விலை நிக்கேக்கை மட்டும் திறந்து பாருங்கோ, எவ்வளவு விலகினது எண்டு தெரியும்.

அந்த “வாழ்த்து” உ-வுக்கு ரீச்சர் சொன்னதைச் செய்யேல்லைப் போல.

நவம்பர் 24, இரவு 9.52 | முழங்காவில் ரெனர்

பேஸ் உதட்டைக் குவிக்கமாட்டன் எண்டு நிக்கிறார். வரியை “வாழ்த்தவே” எண்டு மாத்திறம்.